அஃபிலியேட் டீமில் மூன்று பேர் விலக நினைக்கிறார்கள், என்ன பேசுவது?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். எட்டுப் பேர் சேர்ந்து மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு மாதிரியான சமையலறைச் சாமான்களைப் பற்றித் தமிழில் விமர்சனம் போடுகிறீர்கள். ஒரு வெப்சைட், ஒரு யூடியூப் சேனல், தள்ளுபடிகளைச் சொல்லும் ஒரு டெலிகிராம் டீல்ஸ் சேனல். வருமானம் முழுக்க அஃபிலியேட் கமிஷன், அதாவது நீங்கள் போடும் லிங்க் வழியாக ஒருவர் பொருள் வாங்கினால் கடை உங்களுக்குத் தரும் தொகை, அதிலும் பெரும்பகுதி அமேசானிலிருந்து. யாருக்கும் சம்பளம் கிடையாது, வருவதைப் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள். தீபாவளி சமயத்தில் நன்றாகப் போனது. இப்போது மார்ச்சில் மூன்று பேர் "போதும்ணா, நான் விலகிக்கிறேன்" என்கிறார்கள். தினமும் காலையில் குரூப்பில் உற்சாக மெசேஜ் போட்டுப் பார்த்தீர்கள், ஜூமில் கூட்டம் வைத்தீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. என்ன சொன்னால் நிற்பார்கள்?

நீங்கள் கேட்டது பேச்சைப் பற்றித்தான். ஆனால் கடைசி வரியில் "அவங்க குடும்ப நிலைமை தெரிஞ்சும் இருன்னு சொல்ல சங்கடமா இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இவர்களை இருக்கச் சொல்வது நியாயமா என்று உங்களுக்கே தெளிவாகவில்லை. அது தெளிவாகாமல் எதைப் பேசினாலும் குரலிலேயே தெரிந்துவிடும். பல வருடங்களாக இப்படிப்பட்ட சின்ன டீம்களை நடத்தியும், மற்றவர்களின் டீம்களுக்குக் கணக்கு வழக்கு பார்த்தும் வருகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: இந்தத் தொழிலில் ஒருவர் சோர்ந்துபோனால் முதலில் அவருடைய எண்களைப் பார்க்க வேண்டும், மனதைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்த எண்கள் பெரும்பாலும் அவர் கண்ணிலேயே பட்டிருக்காது.

அதற்கு முன்னால் ஒன்று, இது உங்களுக்காக இல்லை, இதே கேள்வியோடு இங்கே வரும் மற்றவர்களுக்காக. உங்கள் டீமில் சேர யாரும் பணம் கட்டவில்லை, ஆள் சேர்த்தால் கமிஷன் என்ற பேச்சும் இல்லை. சில இடங்களில் "அஃபிலியேட்" என்று பெயர் வைத்துக்கொண்டு, சேர்பவரிடம் சில ஆயிரங்களுக்கு ஒரு கோர்ஸை விற்று, அதே கோர்ஸை அவர் அடுத்தவருக்கு விற்றால் கமிஷன் என்று ஓட்டுகிறார்கள். அங்கே சோர்ந்துபோனவரை ஊக்கப்படுத்தாதீர்கள், போகட்டும். அவருக்கு வருமானம் வராததற்குக் காரணம் முயற்சிக் குறைவு இல்லை, கீழே சேரப் புது ஆள் கிடைக்காததுதான். ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பணச் சுழற்சித் திட்டங்களை இந்தியாவில் 1978-லேயே தனிச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் இப்படி ஆளுக்குக் கீழே ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டங்களையும், சேருவதற்குக் கட்டணம் வாங்குவதையும் தடுக்கின்றன. அந்த மாதிரி டீமை நடத்துபவருக்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மார்ச்சில் மூன்று பேர் ஒன்றாகச் சோர்ந்துபோவது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. அமேசானில் ஒரு மாதத்துக் கமிஷன், அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் வங்கிக்கு வரும். அக்டோபர் பண்டிகை விற்பனையில் ராத்திரி பகலாக டீல் போட்டதற்கான பணம் டிசம்பர் கடைசியில் வந்தது. பிப்ரவரி கடைசியில் வந்தது டிசம்பரின் மந்தமான விற்பனைக்கான பணம். ஆக, இப்போது அவர்கள் கையில் இருப்பது இன்றைய உழைப்பின் பலன் கிடையாது, மூன்று மாதம் பழைய கணக்கு. ஜனவரியில் குடியரசு தின விற்பனை இருந்தது, அதற்கான தொகை இந்த மார்ச் கடைசியில் வரும். கூடுதலாக வருமா இல்லையா என்று நீங்கள் ஊகிக்க வேண்டியதே இல்லை, உங்கள் அமேசான் கணக்கின் டேஷ்போர்டில் ஏற்கனவே இருக்கிறது. கூடுதலாக இருந்தால் அந்த எண்ணைக் காட்டுங்கள். குறைவாக இருந்தால் அதையும் காட்டுங்கள். "நல்ல காலம் வரும்" என்று சொல்வதைவிட, "31-ஆம் தேதிவாக்கில் உனக்கு இவ்வளவு வருது தம்பி, இதோ பாரு" என்பது எத்தனையோ மடங்கு மேல்.

இதற்கு ஒவ்வொருவரின் பங்கும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அமேசான் கணக்கு ஒன்றாக இருந்தாலும் அதற்குள் பல டிராக்கிங் ஐடி, அதாவது லிங்க் யாருடையது என்று காட்டும் அடையாளக் குறி, உருவாக்கிக்கொள்ளலாம். ஒருவருக்கு ஒன்று கொடுத்து, அவர் எழுதும் பக்கத்திலும் அவர் போடும் டீலிலும் அந்த ஐடி உள்ள லிங்க்கை மட்டும் போடச் சொன்னால், யார் உழைப்பில் எத்தனை கிளிக், எத்தனை ஆர்டர், எத்தனை பொருள் திரும்பி வந்தது என்று தனித்தனியாக வந்துவிடும். நீங்கள் மொத்தத்தை எட்டாகப் பங்கிடுவதாக எழுதியிருந்தீர்கள். அது அன்பான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் நன்றாகச் செய்பவருக்குத் தான் நன்றாகச் செய்கிறோம் என்பதே தெரிவதில்லை, மெதுவாக இருப்பவருக்கு எங்கே சரிசெய்ய வேண்டும் என்பதும் தெரிவதில்லை. இரண்டு பேருமே காலையில் எழுந்து எதற்காகச் செய்கிறோம் என்று யோசிக்கிறார்கள். பங்கீட்டை உடனே மாற்றச் சொல்லவில்லை. பணத்தை இப்போதைக்கு சமமாகவே பிரித்துக்கொண்டு எண்களை மட்டும் தனித்தனியாகக் காட்டினாலும் போதும்.

ஆர்டர் எண்ணிக்கையை மட்டும் காட்டாதீர்கள். அது கடைசியாக அசையும் எண். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு பக்கத்துக்கு மாதம் 1,000 பேர் வருகிறார்கள், 100 பேர் லிங்க்கை அழுத்துகிறார்கள், 4 பேர் ₹3,000 விலையுள்ள மிக்ஸியை வாங்குகிறார்கள், கமிஷன் 4 சதவீதம் என்று வைத்தால் வருவது ₹480. அதில் ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டால் ₹360. இவ்வளவுதானா என்று ஒருவர் உடைந்துபோவது நியாயமே. ஆனால் அந்த 1,000 பேர் போன மாதம் 600 பேராக இருந்திருந்தால் கதை வேறு. கூகிள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் அந்தப் பக்கத்தின் இம்ப்ரெஷன் (தேடலில் எத்தனை முறை கண்ணில் பட்டது) ஏறியிருக்கிறதா, தேடல் வரிசையில் சராசரி இடம் முப்பதிலிருந்து பதினைந்துக்கு வந்திருக்கிறதா, இதெல்லாம் பணத்துக்குப் பல வாரம் முன்னாலேயே அசையும். அதை வாராவாரம் அவரோடு உட்கார்ந்து பாருங்கள். ஏறாமல் இருந்தாலும் அது ஒரு செய்தி, அந்தப் பக்கத்தை விட்டு வேறு பக்கத்துக்குப் போகலாம்.

நான் இதில் இவ்வளவு உறுதியாக இருப்பதற்கு அனுபவம் ஒரு காரணம் என்றால், ஹார்வர்ட் பேராசிரியர் தெரசா அமபிலேயும் ஸ்டீவன் கிராமரும் செய்த ஆய்வு இன்னொன்று. 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேரிடம் தினமும் நாட்குறிப்பு எழுதி வாங்கி, ஏறக்குறைய 12,000 குறிப்புகளை அலசினார்கள். ஒருவருக்கு வேலையில் நல்ல நாளாக அமைந்ததற்குப் பின்னால் மற்ற எதையும்விட அதிகமாக இருந்தது, அன்று தன் வேலையில் சின்னதாகவாவது ஒரு முன்னேற்றம் தெரிந்ததுதான். தனியாக மேலாளர்களிடம் எது ஊழியர்களை ஊக்கப்படுத்தும் என்று கேட்டபோது அவர்கள் அதைக் கடைசியில் வைத்தார்கள். ஆனால் அந்த 238 பேரும் மாதச் சம்பளக்காரர்கள். உங்கள் ஆட்களுக்குச் சம்பளமே இல்லை. அரிசி வாங்கக் காசில்லாதவருக்கு இம்ப்ரெஷன் ஏறியதைக் காட்டினால் உற்சாகம் வரும் என்று அந்த ஆய்வை வைத்து நான் சொல்ல மாட்டேன். மாதச் செலவுக்கு வேறு வழி இருப்பவரிடம் இது வேலை செய்கிறது, அதை மட்டும் என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியும்.

அடுத்தது கொஞ்சம் கசப்பானது. மூன்று பேரில் ஒருவர் வெப்சைட்டுக்கு மட்டும் எழுதுபவர், அவருடைய பக்கங்களுக்குக் கூகிளிலிருந்து வருபவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். அவரிடம் "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2023 செப்டம்பரில் கூகிள் தன் தேடல் வரிசையில் செய்த மாற்றத்திலும், 2024 மார்ச்சில் வந்த பெரிய அப்டேட்டிலும் உலகம் முழுக்க சின்னச் சின்ன விமர்சனத் தளங்கள் பெருமளவு வாசகர்களை இழந்தன. அதில் ஒழுங்காக, கைப்பட எழுதியவர்களும் இருந்தார்கள். 2024 மே மாதம் அமெரிக்காவிலும், ஆகஸ்டில் இந்தியாவிலும், தேடினாலே மேலே ஏஐ சுருக்கம் வர ஆரம்பித்தது. பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் பலர் கீழே இறங்கி லிங்க்கை அழுத்துவதில்லை. கமிஷன் விகிதமும் நம் கையில் இல்லை. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் அறைகலன்களுக்கு 8 சதவீதத்திலிருந்து 3-க்கும், மளிகைக்கு 5-லிருந்து 1-க்கும் இறக்கியது, அதையே நம்பியிருந்தவர்களின் வருமானம் ஒரே வாரத்தில் சரிந்தது. இவையெல்லாம் நடந்தவை, சந்தேகத்துக்கு இடமில்லை. உங்கள் எழுத்தாளரின் பக்கங்கள் விழுந்ததற்கு இதுதான் காரணமா என்பது வேறு விஷயம், அவர் பக்கங்களைத் தேதிவாரியாகப் பார்த்தால்தான் தெரியும். விழுந்தது மறுபடி ஏறுமா என்பதற்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது, தருகிறேன் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடமிருந்து விலகியே இருங்கள்.

அவரிடம் சொல்ல வேண்டியது இது: "நீங்க எழுதினது மோசமில்லை, அந்த வழி சுருங்கிப்போச்சு, வேற வழி பார்க்கலாமா?" இதைக் கேட்டாலே பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும், ஏனென்றால் மாதக்கணக்காகத் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டு இருந்திருப்பார்கள். வேற வழி என்று நான் சொல்வது, ஏஐ சுருக்கத்தால் சொல்ல முடியாததைச் செய்வது. ஒரு டேபிள் டாப் கிரைண்டரில் நாலு ஆழாக்கு அரிசி போட்டு ஆட்டினால் மாவு எவ்வளவு சூடாகிறது, மறுநாள் இட்லி எப்படி வருகிறது, கல்லைத் தூக்கிக் கழுவ அம்மாவால் முடிகிறதா, ரெண்டு வருடம் கழித்து பெல்ட் போனால் ஊரில் மாற்ற ஆள் கிடைக்கிறதா. இதைக் கையால் செய்து படம் பிடித்துக் காட்டினால் பார்க்க ஆள் இருக்கிறது. எழுதுபவரைத் திடீரென்று கேமரா முன்னால் நிறுத்த வேண்டும் என்று இல்லை, வீடியோவுக்கு எழுதிக் கொடுக்கலாம், கை மட்டும் தெரியும்படி எடுக்கலாம். ஆனால் யூடியூபுக்கு மாறினால் நிச்சயம் சம்பாதிக்கலாம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்று மாதம், இத்தனை வீடியோ, முடிவில் இந்த எண் வராவிட்டால் நிறுத்திவிடலாம் என்று எல்லையோடு பேசுங்கள். முடிவில்லாமல் காத்திருக்கச் சொல்வதுதான் மனிதரை அதிகம் களைப்பாக்குகிறது.

சோர்ந்துபோனவர்கள் இன்னொன்று செய்வார்கள், அதையும் கவனியுங்கள். எண்ணைக் கூட்டிக்காட்ட மாமா, சித்தி, கூடப் படித்தவர்கள் என்று எல்லோரையும் தன் லிங்க்கிலேயே வாங்கச் சொல்வார்கள், தானும் வாங்குவார்கள். அமேசானின் நிபந்தனைகளில் தனக்கோ உறவினருக்கோ நண்பருக்கோ இப்படி வாங்குவது கூடாது என்று இருக்கிறது, எட்டுப் பேருக்கும் பொதுவான கணக்கே அதனால் மூடப்படலாம். சிலர் பயன்படுத்தாத பொருளைப் பயன்படுத்தியதாக எழுதுவார்கள், கமிஷன் வருவதைச் சொல்லாமல் விடுவார்கள். விளம்பரத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ 2021-லேயே வழிமுறை வெளியிட்டது, தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ₹10 லட்சம் வரை அபராதம் விதிக்க முடியும். மிரட்டச் சொல்லவில்லை. ஆர்டர் எண்ணிக்கையை வைத்தே குரூப்பில் ஆட்களைப் பாராட்டினால் இப்படித்தான் ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன். "இந்த மாத ஸ்டார்" என்று ஒருவரின் வருமான ஸ்கிரீன்ஷாட்டை எல்லோருக்கும் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்ற ஏழு பேருக்கும் அது தினமும் உறுத்தும்.

பேசுவதை குரூப்பிலோ ஜூமிலோ வைக்காதீர்கள், ஒருவர் ஒருவராக, முடிந்தால் நேரில். உங்களை அண்ணா என்று கூப்பிடுபவர்கள் உங்கள் முகத்துக்கு எதிரே நாலு பேர் முன்னால் உண்மைக் காரணத்தைச் சொல்ல மாட்டார்கள், "கொஞ்சம் பிஸி" என்பார்கள். தனியாக இருக்கும்போது நீங்கள் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான், வீட்டுக்கு மாதம் எவ்வளவு தர வேண்டியிருக்கிறது. நம் ஊரில் இருபத்தைந்து வயதுப் பையன் வீட்டில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டு இருந்தால் அப்பா என்ன சொல்வார், பக்கத்து வீட்டில் என்ன கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பெண்ணாக இருந்தால் இந்த வேலையை வேலை என்றே வீட்டில் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அந்த அழுத்தத்தில் இருப்பவருக்கு உங்கள் வார்த்தை எதுவும் மருந்தாகாது. சின்னதாக ஒரு நிலையான தொகை கொடுக்க முடியுமா பாருங்கள், ஒரு வீடியோவை எடிட் செய்தால் இவ்வளவு, ஒரு பக்கம் எழுதினால் இவ்வளவு என்று, கமிஷன் வந்தாலும் வராவிட்டாலும். டீம் நிற்பதற்கு நான் பார்த்த அளவில் இதைவிட உதவியது வேறு இல்லை. உங்களால் கொடுக்க முடியாதென்றால் அதைச் சொல்லி, வேலைக்குப் போகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து செய்யட்டும், அல்லது வராமலே இருக்கட்டும்.

இங்கே கணக்கையும் திறந்து வைக்க வேண்டியிருக்கும். கமிஷன் உங்கள் பான் எண்ணில் வருகிறது, அதில் டிடிஎஸ் என்ற வருமான வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் வருகிறது. கமிஷனுக்கான பிடித்தம் 5 சதவீதமாக இருந்தது, 2024 அக்டோபரிலிருந்து 2 சதவீதம். ஹோஸ்டிங், டூல், நீங்கள் வாங்கிப் போட்ட மிக்ஸி, இதெல்லாம் போக எவ்வளவு மிச்சம் என்று எட்டுப் பேருக்கும் தெரியுமா? தெரியாவிட்டால் வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை, அவர்களும் சந்தேகிக்க மாட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். மாதம் ஒரு ஷீட், எல்லோரும் திறந்து பார்க்கும்படி.

போகிறவருக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இருக்கப்போகும் ஐந்து பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் எழுதிய பக்கங்கள் அவர் போன பிறகும் சம்பாதிக்கும். அந்த டிராக்கிங் ஐடியில் வரும் பணத்தில் ஒரு பங்கை இன்னும் ஒரு வருடத்துக்கு அவருக்கே தருவது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். எத்தனை சதவீதம் என்பதை நீங்கள் எட்டுப் பேரும் பேசி முடிவு செய்யலாம். இப்படிப் போனவர்கள் சிலர் வேலை கிடைத்து நிம்மதியான பிறகு திரும்பி வந்து, முன்னைவிட நன்றாகச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் வரவில்லை. வருவார்கள் என்று எண்ணி இதைச் செய்யாதீர்கள், அது அவர் சம்பாதித்த பணம்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், மூன்று பேரில் டீல்ஸ் சேனலைக் கவனித்துக்கொள்பவருக்குப் பணத் தேவைதான் பிரச்சினை, அவரை விட்டுவிடலாம். வெப்சைட்டுக்கு எழுதுபவரோடு மூன்று மாத ஏற்பாடு பேசிப் பார்க்கலாம். எடிட்டிங் செய்பவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அவர் ஏன் போகிறார் என்றே இல்லை. முதலில் அவரிடம் போய் உட்காருங்கள். டேஷ்போர்டில் ஜனவரி, பிப்ரவரி எண்களை எடுத்து, பெயர்களை நீக்கிவிட்டு இங்கே போட்டால் மற்றதைப் பார்த்துச் சொல்கிறேன்.